மேப்பிள் மரத்துப் பொந்து

குமுளி,
ஜனவரி 11

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டுவலி தேவலை என்று படித்ததும் நிம்மதி.

கொல்லைப் பக்கம் நிற்கிற மேப்பிள் மரம் உள்ளே கோறையாகிவிட்டது, பனி உருகியதும் வெட்டிவிடலாம் என்று மகன் சொல்வதாக எழுதியிருந்தாய். வீட்டின் மேல் சாய்கிற மாதிரி இருந்தால் சரி. இல்லையென்றால் வேண்டாம்டா. கோறை விழுந்ததால் மட்டும் மரம் சாவதில்லை. உயிர் ஓடுவது பட்டையை ஒட்டிய வெளிக்கட்டையில்தான். கிளை முறிந்த காயத்தில் பூஞ்சை இறங்கி, வைரம் என்கிற நடுக்கட்டையைத் தின்று பொந்தாக்கப் பல பத்து வருஷமாகும். இன்னொரு மரம் வைத்து அதை ஈடுகட்ட நம் ஆயுசு போதாது.

இருட்டில் அதன் பொந்திலிருந்து பறந்துபோன சின்னப் பறக்கும் அணில்கள் இரண்டுதானே கண்ணில் பட்டன என்கிறாய். உள்ளே இன்னும் இருக்கும். அவை குளிர்காலம் முழுக்கத் தூங்குகிற ஜாதி இல்லை. ஒரே பொந்தில் இருபதுக்கு மேல்கூட ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு, உடம்புச் சூட்டில்தான் உங்கள் கனடாவின் ஒன்டாரியோ குளிரைத் தாண்டுகின்றன. அணில் நுழைகிற அளவு பொந்தின் வாய் இருந்தால் போதும், அதைப் பிடித்துத் தின்கிற உங்கள் ஊர் மரமேறி விலங்கான ரக்கூனின் தலை உள்ளே போகக் கூடாது. அந்த ரக்கூனுக்கோ பெரிய பொந்து வேண்டும். பட்டமரத்தைவிடப் பச்சைமரத்தின் தடித்த சுவர் குளிரை நன்றாகத் தடுக்கும்.

இங்கே பனியில்லை, மழைதான் எதிரி. உன் அப்பா கங்காணியாக இருந்த ஏலத்தோட்டத்தில், நாம் டார்ச் அடித்துப் பார்த்த அயினிப்பலா மரம் நினைவிருக்கிறதா? பறக்கும் அணிலின் கண் சிவப்பாக மின்னியதும் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாயே! போன மே மாதம் மழைக்கு முன்னால் ஏலத்துக்கு நிழல் தரும் மரங்களின் கிளைகளைக் கழிக்கும்போது அதன் பொந்துக் கிளையையே வெட்டித் தள்ளிவிட்டார்கள். கீழே ஒரே ஒரு குட்டி. கண் திறக்கவில்லை. கைக்கும் காலுக்கும் நடுவே அந்தச் சவ்வு, நனைந்த துணி போல மடிந்து கிடந்தது. ஒரு ஈற்றுக்கு ஒன்றுதான் போடும் அது. துண்டில் சுற்றி மரத்தடியிலேயே வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தேன். தாய் வரவில்லை. விடியும்போது குட்டி செத்திருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகனிடம் நானே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் காலை எட்டேகாலுக்குக் கூப்பிடு. இங்கே சாயங்காலம் ஆறே முக்கால் ஆகியிருக்கும். ஓடைக்கரைப் பலாவில் இன்னொரு பறக்கும் அணில் குடியிருக்கிறது, அது வெளியே தலை நீட்டுகிற நேரம். போனிலேயே காட்டுகிறேன்.

உன்,
செல்லையா