இந்த வருஷமும் இருக்கட்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குத் தோட்ட வேலைதான் காரணம் என்றால் சிரிப்பாய். பள்ளிக்கூடத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னாலே ஓடி ஒளிந்தவன்தானே நான். சரி, உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, வழக்கம்போலப் பாதியில் நிறுத்திவிட்டாயா?

வீட்டுக்குப் பின்னால் நான்கு பாத்தி போட்டிருக்கிறோம். தக்காளி, வெண்டை, அவரை, பூசணி. விதைப்பது மனைவி, தண்ணீர் விடுவது சின்னவள், களை எடுப்பது நான். அவரை ஊன்றிய மூன்றாம் நாளே சின்னவள் விதையைத் தோண்டிப் பார்த்துவிட்டாள். அன்று ராத்திரி ஜெபத்தில் மாற்கு 4-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். விதைத்தவன் தூங்கி எழுகிறான், விதை எப்படி முளைக்கிறது என்று அவனுக்கே தெரியாது. "அப்போ அவரும் தோண்டிப் பார்க்கலையா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவளைச் சொல்கிறேனே, நான் செய்ததைக் கேள். களை என்று நினைத்து ஒரு வரிசை தக்காளி நாற்றையே பிடுங்கி எறிந்துவிட்டேன். முளைத்த புதிதில் இருக்கும் இரண்டு வித்திலைகளை வைத்து எது நாற்று, எது களை என்று என்னால் சொல்ல முடியவில்லை; உண்மையான இலை வந்த பிறகுதான் முகம் தெரிகிறது. மத்தேயு 13-இல் வேலைக்காரர்கள் கோதுமைக்கு நடுவில் முளைத்த களையைப் பிடுங்கப் போகட்டுமா என்று கேட்கும்போது, கோதுமையும் சேர்ந்து பிடுங்கப்படும் என்று எஜமான் ஏன் தடுத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்காக நான் களை எடுப்பதை விட்டுவிடவில்லை. அந்த உவமையில் நிலம் என்பது உலகம், என் வெண்டைப் பாத்தி அல்ல. ஆனால் சபையில் யார் கோதுமை, யார் களை என்று உட்கார்ந்து பிரிக்கிற என் பழைய பழக்கத்துக்கு அது நல்ல அடி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மிஞ்சிய தக்காளிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்தன. கரும்பச்சை இலை, பார்க்கவே அழகு. ஆனால் ஒரு காய்கூட இல்லை. நானோ மேலும் மேலும் கோழி எருவைப் போட்டேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தழைச்சத்து மிஞ்சிப்போச்சுப்பா. செடி இலை விடுவதிலேயே குறியா இருக்கு. கொஞ்ச நாள் சும்மா விடு" என்றார்.

எங்கள் மூத்த மகன் பெரியவன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது என்று உனக்கு எழுதியிருந்தேன். தினமும் காலையில் அவனுக்கு ஒரு வசனம் அனுப்புவேன், ராத்திரி ஒரு பிரசங்கம். அவனும் "ஆமென்" என்று பதில் போடுவான். எல்லாம் இலை. அந்தப் பெரியவர் சொன்னது தக்காளியைப் பற்றித்தான், ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

லூக்கா 13-ஐ எடுத்து மறுபடி படித்தேன். மூன்று வருஷம் கனி கொடுக்காத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன், "இது இந்த வருஷமும் இருக்கட்டும்" என்று கெஞ்சுகிறான். சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறான். எருவை மட்டும் பிடித்துக்கொண்ட நான் கொத்துவதை மறந்துவிட்டேன். மண் இறுகிப்போனால் வேருக்குக் காற்று ஏது? அடுத்த வருஷம் அந்த மரம் காய்த்ததா என்று இயேசு சொல்லவே இல்லை. முன்பெல்லாம் அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

தக்காளிக்கு எருவை நிறுத்தினேன். பெரியவனுக்கு வசனம் அனுப்புவதையும் நிறுத்தினேன். மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. அவள் தனியாக ஜெபித்துக்கொண்டிருக்கிறாள், நானும்தான். தக்காளியில் இப்போது பூ வந்திருக்கிறது, பெரிதாகக் கொண்டாட எதுவும் இல்லை.

போன சனிக்கிழமை பெரியவன் வந்திருந்தான். அவரைக்குப் பந்தல் சரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, தானாகவே கழியை நட்டுக் கயிறு கட்ட ஆரம்பித்தான். நான் எதுவும் கேட்கவில்லை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உன் பழைய நண்பன்