செயலாளரின் ஆண்டறிக்கை: கொப்பியில் ஒரு கோடு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் வணிகர்களே, படகுக்கார அண்ணைமாரே, நானாமாரே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டில் செயற்குழு மாதாமாதம் கூடியது. இரண்டு முறை போதிய ஆட்கள் வராததால் (கோரம் இல்லாமல்) தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுக் கலைந்தோம். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை நான் வாசிக்கப் போவதில்லை. அவர்களுக்கே தெரியும்.

சென்ற பொதுக்கூட்டத்தில் எடுத்த முக்கியமான தீர்மானம், திருகோணமலை நகரத்துச் சிறு வணிகர்களையும் தொழில் செய்வோரையும் குடிமக்கள் அறிவியலுக்குள் கொண்டுவருவது. மழை, கடல், பறவை, முருகைக்கல் (பவளப்பாறை) என்று நம்மைச் சுற்றி நடப்பதை விஞ்ஞானிகள் அல்லாத சாதாரண சனங்களே ஒழுங்காகப் பார்த்து எழுதி, ஆய்வுக்கு உதவும் பதிவாக்குவதுதான் அது. பெயரைக் கேட்டதுமே சந்தைப் பக்கம் ஒரு கடைக்காரர், "குடிமக்களுக்கும் அறிவியலா? அவங்கள் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகுதானே வருவாங்கள்!" என்றார். அதன் பிறகு வெளியில் "பார்த்து எழுதுற வேலை" என்று மட்டுமே சொல்லி வருகிறோம்.

முதல் மூன்று மாதமும் தோல்வி. அதை மறைப்பதில் பயனில்லை. பதாகை அடித்தோம், செயலமர்வு வைத்தோம், பங்குபற்றியவர்களுக்குச் சான்றிதழும் கொடுத்தோம். இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நானே தட்டெழுதி, என் கடையிலேயே போட்டோக்கொப்பி எடுத்து வீடு வீடாக, கடை கடையாகக் கொடுத்தேன். உயிரினங்களின் இலத்தீன் பெயர் எழுதுவதற்கும் அதில் ஒரு கட்டம் இருந்தது. நிரப்பப்பட்டுத் திரும்பி வந்தவை மூன்றே மூன்று. நான்காவதையும் கண்டேன், ஒரு தேத்தண்ணிக் கடையில். அதில் சுற்றித்தான் வடை தந்தார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் "அவதானிப்பவரின் கையொப்பம்" என்ற வரி நன்றாகத் தெரிந்தது.

பிழை படிவத்தில்தான் என்று தலைவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். தொழிலில் இருப்பவர்களைப் பதிவு எழுத வைத்த பழைய கதை ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படை அதிகாரி மத்தியூ மோரி, கப்பல்களின் நாட்குறிப்புகளிலிருந்து காற்றையும் நீரோட்டத்தையும் திரட்டி 1847இல் வட அத்திலாந்திக் வரைபடத்தை வெளியிட்டார். பிறகு வணிகக் கப்பல் தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம்: தங்கள் பயணப் பதிவை அனுப்புபவருக்கு வரைபடம் இலவசம். வரைபடத்தால் பயண நாள் குறைந்தது, அதனால் பதிவுகள் வந்து குவிந்தன. 1853இல் பிரசல்ஸ் மாநாட்டில் பல நாடுகள் கூடி, கப்பலில் எப்படி எழுதுவது என்று பொதுமுறை வகுத்தன. அந்தக் கப்பல் தலைவர்களில் எவரும் சான்றிதழுக்காக எழுதவில்லை. அவர்கள் ஏற்கனவே எழுதிக்கொண்டிருந்த கொப்பியைத்தான் மோரி கேட்டார்.

இதைச் செயற்குழுவில் சொன்னபோது உபதலைவர் கேட்டார்: "அப்ப எங்கட ஆக்கள் ஏற்கனவே என்ன எழுதுறாங்கள்?"

அதற்குப் பிறகுதான் வேலை தொடங்கியது. தேத்தண்ணிக் கடைக்காரர் பால் கணக்கை நாட்காட்டியில் எழுதுகிறார். படகுக்காரர் எண்ணெய்க் கணக்குக் கொப்பி வைத்திருக்கிறார். விடுதிக்காரரிடம் வந்து போவோர் பதிவேடு இருக்கிறது. புதிதாக எதையும் கொடுக்காமல் இவற்றில் ஒரு கோடு மட்டும் கூடுதலாகப் போடச் சொன்னோம்.

மழையை முதலில் சொல்கிறேன். பக்கம் நேரான சோடாப் போத்தலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனல் போலச் செருகினோம். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, பூச்சியக் கோடு வரை தண்ணீர் விட்டு, வெளியே அடிமட்டம் ஒட்டினோம். வாயும் உடலும் ஒரே அகலம் என்பதால் ஏறிய உயரமே மழையளவு. ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். செலவு ஒன்றுமில்லை, ஆனால் வைக்கும் இடம்தான் சிக்கல். ஒரு கடையில் அழகுக்காகக் கூரை விளிம்புக்குக் கீழே வைத்திருந்தார்கள். முதல் மழையிலேயே போத்தல் வழிந்து ஓடியது. இன்னொரு கடையில் வேலைக்கு நிற்கும் பையன் துப்புரவாகத் தினமும் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

அளக்கும் நேரம் காலை 8.30. வளிமண்டலவியல் திணைக்களமும் 24 மணி நேர மழையை அந்த நேரத்திலேயே கணக்கிடுகிறது. கடைக்காரர்கள் முறைப்பார்கள் என்று பயந்தேன். ஆனால் பாடசாலைப் பிள்ளைகளின் அவசரம் அப்போது முடிந்து, பெரிய தட்டத்தைக் கழுவும் நேரம் அது. பால் கணக்குக்குப் பக்கத்தில் மழைக் கணக்கும் ஏறியது. தொடக்கத்தில் ஒரு மாமா "நல்ல மழை", "சும்மா தூறல்", "சனியன் பிடித்த மழை" என்று எழுதினார். இப்போது எண் எழுதுகிறார், பழைய குறிப்பையும் விடவில்லை. விடச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

ஐப்பசியில் ஒரு காலை, உப்புவெளிக் கடைப் போத்தல் பாதிக்கு மேல் நிறைந்திருக்க, சீனக்குடாப் பக்கக் கடையில் கூழாங்கல்லுக்கு மேல் ஒரு சொட்டும் ஏறவில்லை. இரண்டு கடைக்காரரும் வட்ஸ்அப்பில் சண்டை பிடித்தார்கள், ஒருவர் பொய் சொல்கிறார் என்று. இருவரும் சரி. ஐப்பசி மழை பல நேரம் அப்படித்தான், துண்டு துண்டாகப் பெய்யும். அந்தச் சண்டைக்குப் பிறகு கருவாடு போடும் இரண்டு பெண்கள் தாங்களாகவே வந்து போத்தல் கேட்டார்கள். ஊர் ஊராக மழை வருவதைக் காலையிலேயே குழுவில் பார்த்தால் பாயைச் சுருட்டுவதா விரிப்பதா என்று அவர்களுக்குத் தெரியும். நாங்கள் தேடிப் போகாமல் வந்த முதல் அங்கத்தவர்கள் அவர்கள்தான்.

அடுத்தது திமிங்கிலம். கோணேசர் கோயில் மலையில் நின்றே நீலத் திமிங்கிலம் தெரியும் நாள் உண்டு, அவ்வளவு கிட்டக் கடல் ஆழமாக இறங்குகிறது. 1980களின் தொடக்கத்தில் டியூலிப் என்ற ஆய்வுப் பாய்மரப் படகு இங்கு வந்து வேலை செய்தது. பிறகு யுத்தம். 2009க்குப் பிறகுதான் சுற்றுலாப் படகுகள் பங்குனி முதல் ஆவணி வரை திமிங்கிலம் பார்க்கப் போகத் தொடங்கின. இன்று அந்தக் கடலில் வேறெவரையும்விட அதிக நேரம் நிற்பவர்கள் படகுக்காரர்களே. புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், எரிந்த எண்ணெய் எல்லாம் அவர்களிடம் உண்டு. எத்தனை மணி நேரம் தேடினோம் என்ற கணக்கு ஆய்வுக்கு உயிர். அது எண்ணெய்க் கொப்பியில் சும்மா கிடந்தது!

கண்ட நாளை எழுதினார்கள். படமும் அனுப்பினார்கள். நீலத் திமிங்கிலத்தை விலாவில் உள்ள புள்ளித் திட்டுகளாலும், விந்துத் திமிங்கிலத்தை வால் விளிம்பின் வெட்டுகளாலும் ஆளுக்கு ஆள் பிரித்தறியலாம் என்று தெரிந்ததும் போட்டியே வந்துவிட்டது. ஆனால் காணாத நாளை எவரும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டபோது ஒரு அண்ணை சொன்னார்: "தம்பி, காணேல்லை எண்டு எழுதினா நாளைக்கு ஆர் டிக்கெட் எடுப்பான்?"

வியாபாரிக்குப் பூச்சியம் நட்டம். பதிவுக்கு அது பதில். காணாத நாளை விட்டுவிட்டுக் கண்ட நாளை மட்டும் எழுதினால் திருகோணமலைக் கடலில் ஆண்டு முழுக்கத் திமிங்கிலம் துள்ளுவதாகத்தான் தெரியும். நாலு கூட்டம் பேசி ஒரு வழிக்கு வந்தோம். படகின் பெயர் வராது, பருவம் முடியும்வரை எவரும் பார்க்க மாட்டார்கள், பூச்சியத்துக்குக் கொப்பியில் ஒரு சிறு வட்டம் போதும். வைகாசியிலிருந்து வட்டங்கள் வரத் தொடங்கின. முழுமையாக வருகிறது என்று சொல்ல மாட்டேன்.

முருகைக்கல்லில் இதைவிடப் பெரிய இழுபறி. 1998இல் கடல் சூடேறித் தெற்குப் பக்கம் ஹிக்கடுவையில் பெரும்பாலானவை செத்தபோது எங்கள் பக்கம் பெரும்பாலும் தப்பியது. 2024இல் உலகளாவிய வெளிறல் மறுபடி அறிவிக்கப்பட்டது. முருகைக்கல்லுக்குள் வாழும் நுண்பாசி வெளியேறுவதால் அது வெளிறுகிறது. சூடு தணிந்தால் மீளவும் கூடும், நீடித்தால் சாகும். குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் நிற அட்டை ஒன்று இருக்கிறது. நான்கு நிறம், ஒவ்வொன்றிலும் ஆறு படி. தொடாமல் பக்கத்தில் பிடித்து, மிக வெளிறிய இடத்தையும் மிகக் கருத்த இடத்தையும் குறித்தால் போதும். புறாத்தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் நிலாவெளிப் பொடியன்களிடம் இதைக் கொடுக்க நினைத்தோம். "வெள்ளை எண்டு நாங்களே எழுதிக் குடுத்தா எங்கட சோத்தில நாங்களே மண் போடுறம்" என்றான் ஒருவன். அது தேசியப் பூங்கா என்பதால் அனுமதியும் வேண்டும். அதற்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அதனால் இந்த வேலை தொடங்கவில்லை. அட்டைகள் என் கடை அலுமாரியில் இருக்கின்றன.

கரைவலைச் சம்மாட்டி (வலை முதலாளி) ஒருவர் நேரடியாகவே மறுத்தார்: "மீன் வாற இடத்தை ஊருக்குச் சொல்லச் சொல்றியளோ?" அவர் சொல்வது நியாயம். தொழில் இரகசியம் உள்ள பதிவுகளில் இடத்தைப் பரும்படியாக மட்டும் காட்டுவதென்றும், பதிவு எழுதியவருக்கே சொந்தம் என்றும் செயற்குழு தீர்மானித்தது. உயிரினப் பதிவுகளை ஏற்றும் ஐநச்சுரலிஸ்ட் இணையத்தளமும் அழியும் நிலையில் உள்ள உயிர்களின் சரியான இடத்தை மறைத்தே காட்டுகிறது.

ஒரு விடுதி பற்றியும் சொல்ல வேண்டும். நம் சங்கத்தின் இலச்சினையைத் தன் விளம்பரத்தில் போட்டு, "ஆய்வில் பங்காளி" என்று எழுதியிருந்தது. ஆண்டு முழுவதும் ஒரு வரி பதிவும் அனுப்பவில்லை. நேரில் போய்ப் பேசி எடுப்பித்தோம். இனி ஆறு மாதம் தொடர்ந்து பதிவு தந்தவருக்கே இலச்சினை. அதே வீதியில் இன்னொரு சிறு விடுதி அக்கா, விருந்தினரோடு விடியற்காலை நடந்து ஈ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியல் ஏற்றுகிறார். தை மாத ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் சேர விரும்புகிறார்.

வரும் ஆண்டுக்கு மூன்று பிரேரணைகள்: மழைப் போத்தலை மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் கொண்டுபோவது, ஒரு பக்கப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அடிப்பது, புறாத்தீவு அனுமதிக்கு நாலாவது கடிதத்தைத் தலைவரின் கையொப்பத்தோடு அனுப்புவது.

போத்தல் தந்த சோடாக் கடைக்கும், மண்டபத்தை வாடகையின்றித் தந்தவர்களுக்கும், சிங்களத்தில் மொழிபெயர்த்துத் தந்த பேக்கரி உரிமையாளருக்கும் நன்றி. நாட்காட்டியைக் கிழிக்காமல் வைத்திருந்து தந்த மாமாவுக்கும் நன்றி. இவ்வறிக்கையைச் சபையின் ஏற்புக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
திருகோணமலை