காவடிக்கு முன் ஒரு வேண்டுகோள்: கோயில் நிர்வாகக் குழுக்களுக்குத் திறந்த மடல்

மொரீஷியஸ் தமிழ்க் கோயில்களின் தலைவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடிக்கான கூட்டங்களை இனி ஒவ்வொரு கோயிலிலும் தொடங்குவீர்கள். பந்தல், தண்ணீர், ஊர்வல வழி, போலீஸ், வாழை இலை என்று பேச நிறைய இருக்கும். அதற்கு நடுவே எங்களுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். நாங்கள் நீண்ட நோயிலிருந்து மெல்ல எழுந்து வருகிறவர்கள். கடைக்குப் போகிறோம், உறவினர் வீட்டுக்குப் போகிறோம். கோயிலுக்குள் மட்டும் நிற்க முடிவதில்லை.

எனக்குக் கோவிட்டோடு ஆரம்பித்தது. காய்ச்சல் போய்விட்டது, களைப்பு தங்கிவிட்டது. மயால்ஜிக் என்செஃபலோமையலைட்டிஸ், சுருக்கமாக எம்.ஈ., என்று இதற்குப் பெயர். நாட்பட்ட களைப்பு நோய் என்றும் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 1969 முதலே இதை நரம்பு மண்டல நோய்களோடு சேர்த்து வைத்திருக்கிறது. ஆனாலும் இன்றுவரை இதை உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது, குணமாக்கும் மருந்தும் கிடையாது. தூங்கி எழுந்தாலும் தூங்கியது போல இருக்காது. நின்றால் தலை சுற்றும், பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகும். எல்லாவற்றையும் விடக் கொடியது, சக்திக்கு மீறி ஏதாவது செய்தால் பின்னால் வரும் சரிவு. அது அந்த நேரத்தில் வராது. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் வரும். கோயிலில் பார்த்து "நல்லாத்தானே இருக்கே" என்று சொல்பவர், இரண்டு நாள் கழித்துத் திரை போட்ட அறையில் நான் கிடப்பதைப் பார்ப்பதில்லை.

அதனால்தான் முதல் வேண்டுகோள் உங்கள் தொண்டர்களைப் பற்றியது. "முருகனை நம்பி நட, தானாகச் சரியாகும்" என்று அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்த நோயில் அந்த அறிவுரை ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் சரியாகும் என்று மருத்துவர்களும் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், 2021 அக்டோபரில் அந்த முறையைக் கைவிடச் சொல்லிவிட்டது. நான் இவ்வளவு தூரம் தேறி வந்திருக்கிறேன் என்றால், களைப்பு வருவதற்கு முன்பே உட்காரப் பழகிக்கொண்டதுதான் பெரிய காரணம். எனவே கோர் தெ கார்த் மலைக்கோயில் போன்ற இடங்களில் படியேறாமல் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுப் போகிறவரைப் பார்த்தால், தயவுசெய்து கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரை "சாமி முன்னாடியா?" என்று முறைக்கவும் வேண்டாம். நாற்காலிகளைக் குழுவே போட்டுவைத்தால் யாரும் முறைக்க மாட்டார்கள்.

பத்து நாள் விரதத்தைப் பற்றியும் குருக்கள் ஒரு வார்த்தை சொல்லலாம். நோயாளி முழு விரதம் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தக் குருக்களும் சொல்லி நான் கேட்டதில்லை. அத்தைகளும் மாமிகளும்தான் சொல்கிறார்கள். கொடியேற்றத்தன்று ஒலிபெருக்கியில் அவர் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இனி புகை. வாசனை, பெயின்ட், பினாயில், சாம்பிராணி எல்லாமே எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. தலைவலி, குமட்டல், நெஞ்சில் இறுக்கம் என்று வரும். இதற்குக் காரணம் என்ன என்பதில் மருத்துவர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. இருப்பது வேதிப்பொருளா வெறும் காற்றா என்று சொல்லாமல் நடத்திய சோதனைகளில், என்னைப் போன்றவர்களால் இரண்டையும் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாமல் போயிருக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அதை வைத்து "எல்லாம் மனசுதான்" என்று முடித்துவிடுவதும் சரியில்லை. காரணம் மூளையில் இருந்தாலும் மூக்கில் இருந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தானே? காரணம் தெளிவாகத் தெரியாவிட்டாலும் இப்படிப்பட்டவர்களுக்கு வசதி செய்து கொடுக்க வேண்டும் என்பதுதான் கனடாவின் மனித உரிமை ஆணையத்தின் நிலை.

என் கதை இருக்கட்டும். ஊதுபத்திப் புகையில் நுண்துகள்களும் பென்சீன், ஃபார்மால்டிஹைடு போன்றவையும் இருப்பது அளந்து பார்த்த விஷயம். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது ஆகாது. தினமும் அந்தப் புகையிலேயே நிற்கிற குருக்களுக்கும் நல்லதில்லை. அவரை யாராவது கேட்டிருக்கிறோமா? கடையில் வாங்கும் கற்பூரமும் பெரும்பாலும் மரத்தில் எடுத்தது இல்லை. டர்பென்டைனிலிருந்து தொழிற்சாலையில் செய்தது. தமிழ்நாட்டிலேயே சில கோயில்களில் கருவறைக்குள் கற்பூரத்தை நிறுத்திவிட்டு நெய் தீபம் காட்டுகிறார்கள். வழிபாட்டில் ஒரு குறையும் வரவில்லை. காவடி நாளில் புகையே கூடாது என்று நான் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு காலைப் பூசையை நெய் தீபத்தோடு மட்டும், சாம்பிராணியும் ஊதுபத்தியும் இல்லாமல், கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்து நடத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் நாங்கள் அந்த நேரத்துக்கு வந்துகொள்வோம். திருவிழாவுக்காகப் பெயின்ட் அடிப்பதைக் கடைசி வாரம் வரை தள்ளாமல் முன்கூட்டியே முடித்தால் வாடை போய்விடும். கரும்பு வெட்டும் காலத்தில் தோட்டத்துக்குத் தீ வைத்தால் ஊரே இருமுகிறது, அது உங்கள் கையில் இல்லை. பெயின்ட் உங்கள் கையில் இருக்கிறது.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: ஏழு கறி. காவடி இறக்கியபின் வாழை இலையில் வரிசையாக விழும் அந்தக் கறிகளுக்காகவே கோயிலுக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டம்தான். உணவியல் நிபுணர் ஒருவரின் மேற்பார்வையில் சந்தேகப்பட்ட உணவுகளைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்த்துத்தான் எது ஆகாது என்று கண்டுபிடித்தேன். (ரத்தம் எடுத்து நூறு உணவுகளின் பட்டியல் தருகிறோம் என்று விற்கப்படும் ஐஜிஜி பரிசோதனையை ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் பரிந்துரைப்பதில்லை. பணத்தை மிச்சம் பிடியுங்கள்.) எனக்கு ஆகாதவை கோதுமையும் பூண்டும் வெங்காயமும். பூசணியும் பலாக்காயும் வாழைக்காயும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பந்தியில் "இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டால் "எல்லாம் நல்லதுதான், சாப்பிடும்மா" என்றுதான் பதில் வருகிறது. வெங்காயம் பூண்டைத் தவிர்த்தால்கூடப் பெருங்காயம் இருக்கிறது; டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பல நேரம் கோதுமை மாவு கலந்திருக்கும். சமைப்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். தனியாகச் சமைக்கச் சொல்லவில்லை. எந்தக் கறியில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு அட்டை, அது போதும். முந்திரியோ கடலையோ ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளின் தாய்மாருக்கும் அது உதவும்.

அந்த அட்டையை எழுதும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். சமையல் பொறுப்பாளர் சில நாள் முன்னதாகக் கறிகளின் பெயரையும், வாங்கிய மசாலா, பெருங்காய டப்பாக்களின் படத்தையும் அனுப்பினால் போதும். தமிழிலும் கிரியோலிலும் எழுதித் தருகிறேன். வீட்டில் உட்கார்ந்து, நடுநடுவே படுத்து எழுந்து செய்யக்கூடிய வேலைதான்.

இப்படிக்கு,
குவாத்ர் போர்னிலிருந்து ஒரு பக்தை