டைமர் போர்டு கட்டுரையில ஃபில்டர் பத்தி திருத்தம் வேணுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

போன வாரம் உங்க பேப்பர்ல தோட்டத்து மோட்டாருக்கு நாமளே டைமர் போர்டு பண்றது எப்படின்னு ஒரு கட்டுரை வந்துச்சு. தமிழ்ல இதையெல்லாம் எழுதறதே பெரிய விஷயம், எழுதினவருக்கு நன்றிங்க. ஆனா கரண்ட் உள்ள வர்ற எடத்துல நாய்ஸுக்கு (கரண்ட்டோட கலந்து வர்ற குறுக்கீட்டுக்கு) ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் போட்டுக்கலாம்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, எந்த கண்டன்சர்னு சொல்லவே இல்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நான் கொழிஞ்சாம்பாறையில போர்டு அசெம்பிள் பண்றேன், பொள்ளாச்சி பக்கம், சித்தூர் பக்கம் தென்னந்தோப்பு வச்சிருக்கவங்கதான் கஸ்டமர். ஆரம்பத்துல பண்ணுன டைமரெல்லாம் டேபிள்ல பத்து நாளு நல்லா ஓடும், தோப்புல மாட்டுனா கான்டாக்டர் (மோட்டாரை ஆன் ஆஃப் பண்ற காயில் வச்ச சுவிட்ச்) விடும்போது டப்புன்னு ஒரு சத்தம், அதோட டிஸ்ப்ளே 00:00க்கு போயிரும், அப்புறம் முதல்ல இருந்து மோட்டாரை ஓட்ட ஆரம்பிச்சிரும். ஒரு நாள் ராத்திரி 11 மணிக்கு ஒரு அண்ணன் போன் பண்ணி, தம்பி தண்ணி நிக்கவே இல்ல, பாத்தி பூரா ஒடைஞ்சிருச்சுன்னாரு. இன்னிக்கும் அந்தக் குரல் காதுலயே இருக்கு.

நான் உடனே ஃபெரைட் பீட், அதாவது நாய்ஸை அமுக்கற சின்ன மணி மாதிரி சாமான், வாங்கிப் போட்டேன், 600 ஓம்னு போட்டிருந்துச்சு. ஒண்ணும் ஆகல. அந்த 600 ஓம் 100 மெகாஹெர்ட்ஸ்ல அளந்ததுங்க, நம்ம போர்டுல இருக்கற பவர் சப்ளை சுவிட்ச் ஆவறது 65 கிலோஹெர்ட்ஸ் மாதிரி, அங்க பீடு வெறும் கம்பிதான். போதாததுக்கு அதுல டிசி கரண்ட் ஏற ஏற அந்த ஓமும் கொறைஞ்சுட்டே போகும், டேட்டாஷீட்ல கிராஃப் இருக்கு, யாரும் பாக்கறதில்ல. இந்த மாதிரி கீழ் ஃப்ரீக்வன்சிக்கு ஒரே வளையத்துல லைனுக்கு ஒண்ணு, நியூட்ரலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு கம்பியை தனித்தனியா சுத்துன காமன் மோட் சோக் வேணும், மோட்டார் கரண்ட்டை தாங்கணும்னு இல்ல, போர்டு இழுக்கற கரண்ட்டை தாங்குனா போதும்.

ஆனா என் ரீசெட் பிரச்சனைக்கு காரணம் கான்டாக்டரோட காயில்தான். கரண்ட்டை வெட்டுன உடனே காயில் பெரிய வோல்டேஜ் ஸ்பைக்கை தள்ளிவிடும், அதை பொறக்கற எடத்துலயே அமுக்கணும். 230 வோல்ட் காயில் மேலயே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ எக்ஸ்2 (லைன், நியூட்ரல் நடுவுல போடறதுக்குன்னே பண்ற வகை) கண்டன்சரும் சீரிஸ்ல போட்டேன், ஐசியோட பவர் காலை ஒட்டி 0.1 மைக்ரோ செராமிக் கண்டன்சர் ஒண்ணு வச்சேன், நின்னுருச்சு. முன்னாடியும் செராமிக் இருந்துச்சு, ஆனா ஒரு இஞ்ச் தள்ளி, போர்டு மேல அவ்வளவு நீள செம்பு ட்ராக்கே ஒரு சோக் மாதிரிதான். 415 வோல்ட் காயிலுக்கு இந்த 275 வோல்ட் எக்ஸ்2 ஆகாதுங்க, அதை தனியா எழுதணும்.

இப்ப கட்டுரைக்கு வர்றேன். லைன், நியூட்ரல் நடுவுல சாதா 400 வோல்ட் கண்டன்சர் போடக்கூடாது. அந்த 400 டிசிக்கு. நம்ம 230 உச்சத்துல 325 வரும், அதுமேல இடி மின்னல் ஸ்பைக் வேற. ரிப்பேருக்கு வந்த ஒரு போர்டுல அது வெடிச்சு, பச்சைப் பூச்சு கரிஞ்சு, ரெண்டு ட்ராக்கும் ஒண்ணா உருகி கெடந்துச்சு, பக்கத்துல காஞ்ச மட்டை அடுக்கியிருந்த ஷெட்டுங்க அது. எக்ஸ்2ன்னு மேலயே அச்சடிச்சிருக்கறது இந்த எடத்துக்குன்னே பண்ணது.

லைன்ல இருந்து ஒண்ணு, நியூட்ரல்ல இருந்து ஒண்ணுன்னு எர்த்துக்கு போற ரெண்டு கண்டன்சரும் ஒய்2 (எர்த்துக்கு போற எடத்துக்குன்னே பண்ற வகை) தான் போடணும். 2.2 நானோ போட்டா லீக்கேஜ் 0.16 மில்லி ஆம்ப் கிட்டதான், ஆனா கோடையில எர்த் குழி காஞ்சுபோனா ஈரக் கையோட பெட்டியை தொட்டாலே சுர்ருங்கும். அங்க சாதா கண்டன்சர் ஷார்ட் ஆனா பெட்டி பூரா லைவ்.

கட்டுரைய வெட்டி வச்சுக்கிட்டு ரெண்டு பேரு சாமான் லிஸ்ட்டோட என் கடைக்கே வந்துட்டாங்க. மத்தவங்க வாங்கறதுக்குள்ள, எக்ஸ்2, ஒய்2ன்னு பேரோட, வர்ற வாரமே அதே பக்கத்துல ஒரு திருத்தம் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை