மே மாதம் வேண்டாம், ஆடியில் வா

அன்புள்ள கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. மே மாத விடுமுறையில் அலுவலகத் தோழிகளை அழைத்துக்கொண்டு கும்பகோணம் வருவதாகவும், பார்க்க வேண்டிய இடங்களை வரிசையாக எழுதி அனுப்பும்படியும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். இடங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் மாதத்தை மாற்று.

மே மாதத்துக் காவிரியில் என்ன இருக்கும் என்று உனக்குத் தெரியாததா? மணல், நாணல், ஊர்ச் சாக்கடை வந்து தேங்கிய குட்டை, அதில் நாலு எருமை. பகவத் படித்துறையில் நின்றுகொண்டு இதுதான் பொன்னி நதி என்று நீ சொன்னால் அந்தப் பெண்கள் உன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. உச்சி வேளைக்கு நடையும் சாத்திவிடுவார்கள். அதன் பிறகு அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்கு பெங்களூரிலிருந்து ரயிலேறி வர வேண்டுமா?

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறப்பார்கள், ஜனவரி 28-ஆம் தேதி மூடுவார்கள். இந்த ஊரை ஊராகப் பார்க்க வேண்டுமென்றால் இதற்கு இடைப்பட்ட காலத்தில்தான் வர வேண்டும். அணையில் இருப்பு இல்லாத ஆண்டில் தேதி தள்ளிப்போகும். 2024-இல் ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். ஆகவே ஜூனை நம்பாதே. ஆடிப் பதினெட்டு, அதாவது ஆகஸ்ட் முதல் வாரம், என்று வைத்துக்கொள். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு நிறைய ஓடும், ஆனால் மழை உங்களை வீட்டைவிட்டு வெளியே விடாது.

புதுத் தண்ணீர் வருவதை நீ பார்த்ததே இல்லை. பள்ளிக்கூட நாளில் எழுப்பினாலும் எழமாட்டாய். நான் மதகு வேலையில் இருந்தபோது, தண்ணீருக்கு முன்னால் கரையோடு நடந்துபோவதும் லஸ்கர், அதாவது வாய்க்கால் காவலாளி, வேலையில் ஒரு பங்கு. வெள்ளம் பாய்ந்துகொண்டு வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் வராது. சருகு, நுரை, பிளாஸ்டிக் குப்பை எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒரு சாண் உயரத்தில், ஆள் நடக்கிற வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து வரும். காய்ந்த மணல் அதைக் குடிக்கும்போது "சுர்" என்று சத்தம் கேட்கும். மணலிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும். எறும்பும் பூரானும் மேட்டைத் தேடி ஓடும். கொஞ்ச தூரம் வந்து ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றுவிடும். அது நிறையும்வரை நாமும் நிற்க வேண்டும். கரையில் யாராவது ஒரு கிழவி நெல்லையும் பூவையும் தூவிக் கும்பிடுவாள்.

அந்த முதல் தண்ணீரில் யாரும் குளிக்க வேண்டாம், எல்லாம் அழுக்கு. ஆடிப் பதினெட்டுக்குள் ஓரளவு தெளிந்திருக்கும். அன்று விடிந்ததும் படித்துறைக்குப் போய்விடுங்கள். வாழை இலையில் காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, பழம், வெல்லமும் எள்ளும் கலந்த காப்பரிசி எல்லாவற்றையும் வைத்துப் பெண்கள் படையல் போடுவார்கள். புதிதாகத் திருமணமானவர்கள் கல்யாண மாலையைக் கொண்டுவந்து ஆற்றில் விடுவார்கள். உன் தோழிகளுக்கும் அங்கே யாராவது மஞ்சள் கயிறு கட்டிவிடுவார்கள், வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று முன்பே சொல்லி வை. குளிப்பதென்றால் படிக்கட்டு உள்ள துறையில், படியைப் பிடித்துக்கொண்டு. நீந்தத் தெரியும் என்று யாரும் நடு ஆற்றுக்குப் போக வேண்டாம். மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. மதகுக்குக் கீழே சுழல் இழுத்துக்கொண்டு போகும். இதில் நான் சொல்வதுதான் முடிவு.

ஊருக்குள் வண்டியே வேண்டாம், நடந்து பாருங்கள். காலை ஆறு மணிக்குச் சாரங்கபாணி சன்னதித் தெருவில் புறப்பட்டால் ஒரு பக்கம் பதினொரு நிலைக் கோபுரம், அதே தெருவில் ஓட்டுக் கூரையும் திண்ணையுமாக ராமானுஜன் வளர்ந்த வீடு. கணக்குப் படித்தவள் ஒருத்தி உங்களோடு வருகிறாள் அல்லவா, அவளைத் திறக்கும் நேரத்தில் திரும்ப அழைத்துப் போ. தெருவைப் பார்த்த சன்னல், அதன் ஓரம் ஒரு கட்டில், அவ்வளவுதான் உள்ளே. அவர் படித்த அரசுக் கல்லூரி 1854-இல் தொடங்கியது, காவிரிக் கரையிலேயே இருக்கிறது. மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தது அங்கேதான். ராமசாமி கோயிலில் பிராகாரத்தைச் சுற்றி வந்தால் சுவரில் ராமாயணம் முழுவதும் ஓவியமாக ஓடும். நாகேஸ்வரன் கோயிலின் கருவறைச் சுவரில் இருக்கும் முற்காலச் சோழர் சிற்பங்களை மட்டும் அவசரமில்லாமல் பாருங்கள். இந்த ஊரில் அதைவிட அழகான கல் வேலை எனக்குத் தெரிந்து இல்லை. மகாமகக் குளத்தைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம். 2028-இல் மகாமகம் வருகிறது. அந்தச் சமயத்தில் மட்டும் விருந்தாளியை அழைத்து வந்துவிடாதே.

சுவாமிமலைக்குச் சைக்கிளில் போகலாம். எதிர்வீட்டில் இரண்டு இருக்கிறது, இன்னும் இரண்டு வாடகைக்கு எடுத்து வைக்கிறேன். வழியெல்லாம் வாய்க்கால், வாழை, அகத்தியில் ஏறிய வெற்றிலைக் கொடிக்கால். கோயில் அறுபது படி ஏறிக் கும்பிட்டுவிட்டு, சிற்பிகளின் பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு உட்காருங்கள். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசுவார்கள். மாவுபோல் அவ்வளவு நைசான மண், விரல் நகத்தின் கோடுகூட அதில் பதியும். காய்ந்ததும் மேலே முரட்டு மண், கம்பிக் கட்டு. சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும், அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை, ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. இந்தத் தொழில் ஏன் இங்கே நிலைத்தது என்று கேட்டால் அந்த வண்டலைத்தான் காட்டுவார்கள். நான் காலமெல்லாம் வாய்க்காலில் தூர் என்று வாரிக் கரையில் கொட்டிய மண் அது!

தாராசுரத்துக்கு மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, பன்னிரண்டாம் நூற்றாண்டு. 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னத்தில் சேர்த்தார்கள். சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர் மண்டபத்தில் எல்லோரும் படம் எடுப்பார்கள். நீ அவர்களுக்கு யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தைத் தேடிக் காட்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. பலிபீடத்துப் படிகளைத் தட்டினால் சுரம் கேட்கும் என்பார்கள். தட்டித் தட்டியே தேய்த்துவிடுவார்கள் என்று கம்பி அடைத்திருக்கிறது. கோயில் தாழ்வில் இருப்பதால் மழைக்காலத்தில் முன்னால் நந்தியைச் சுற்றித் தண்ணீர் நின்றுவிடும். வடிகால் பார்த்தவன் என்பதால் சிற்பத்துக்கு முன்னால் எனக்கு இதுதான் கண்ணில் படுகிறது.

ஒரு நாள் முழுவதும் கல்லணைக்கு. போகும் வழியில் திருவையாறு. அங்கே தியாகராஜர் சமாதி ஆற்றோரம். அசோகா இனிப்பைச் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள், பெட்டியில் கட்டி வந்தால் அந்த ருசி இல்லை. கல்லணையில் இன்று மேலே தெரியும் ஷட்டரும் பாலமும் பிற்காலத்தவை. கரிகாலன் பெயரால் சொல்லப்படும் பழைய கற்கள் அடியில் இருக்கின்றன. மணல் ஆற்றில் அடித்தளம் போடும் வித்தையை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, பிறகு கோதாவரியில் தவளேசுவரத்தில் அணை கட்டினார். உன் ராஜமுந்திரித் தோழியிடம் இதைச் சொல், அவள் ஊர்ப்பக்கம் காட்டனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீரைப் பிரித்து அனுப்புவதைப் பாலத்தில் நின்று பார்த்தால், எங்கள் வாய்க்கால் சண்டைகள் எல்லாம் எங்கிருந்து தொடங்குகின்றன என்று விளங்கும்.

நீ கேட்ட ஒரே நாள் நவக்கிரகச் சுற்றுலாவுக்கு நான் ஆள் பிடித்துத் தரமாட்டேன். ஒன்பது கோயிலில் ஒன்று திருநள்ளாறு, இன்னொன்று திருவெண்காடு. பாதி நாள் வேனிலேயே போய்விடும், கடைசியில் எந்தக் கோயிலில் எதைப் பார்த்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. வேண்டுதல் உள்ளவர்கள் ஒரு கோயிலுக்குப் போகட்டும், போதும்.

சாப்பாட்டுக்கு அம்மா இருக்கிறாள். ஆடிப்பெருக்கன்று புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், தயிர்ச்சாதம். மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள, உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்த்த கடப்பா. பூண்டு சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள், கடப்பாவில் பூண்டு இல்லாமல் முடியாது. "டிகிரி காபி" என்று நெடுஞ்சாலையில் பலகை போட்ட இடத்திலெல்லாம் நிறுத்தாதீர்கள், வீட்டிலேயே நல்ல பால் வாங்குகிறோம்.

மைசூரிலிருந்து பெங்களூரு வழியாக வரும் ரயிலிலேயே வாருங்கள், விடியற்காலையில் இறக்கிவிடும். ஆடிக்கூட்டத்துக்குத் திரும்பும் டிக்கெட்தான் கிடைக்காது, அதை முதலில் எடு. மே மாதத்துக்கு ஏற்கெனவே எடுத்திருந்தால் ரத்துசெய், கழிக்கும் பணத்தை நான் தருகிறேன். மாடி அறைக் குழாயைச் சரிசெய்ய ஆள் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேர், எந்தத் தேதி என்று இந்த வாரத்துக்குள் அம்மாவிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா