வரைபடத்தை வாசிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கணிதத்தில் சார்புகளின் (ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய ஒரே ஓர் எண்ணைத் தரும் விதிகளின்) வரைபடங்களைப் புள்ளி குறித்து வரைந்துவிடும் மாணவர்கள், வரைந்ததை வாசிக்கச் சொன்னால் தயங்கி நிற்பதைக் கணிதம் கற்பித்துவரும் நான் கவலையோடு கவனித்துவருகிறேன்.

ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அதன் நான்கு மடங்கைக் கழித்து 3 கூட்டும் சார்பை எடுத்துக்கொள்வோம். அதன் வரைபடமான பரவளையம் என்னும் கிண்ண வடிவ வளைவரை கிடை அச்சை 1, 3 ஆகிய இடங்களில் வெட்டுவதால் அவையே பூச்சியங்கள், அதாவது சார்பின் மதிப்பு பூச்சியமாகும் இடங்கள், என்பதும், அவ்விரண்டுக்கும் நட்டநடுவே 2இல், வளைவரையை ஒத்த இரு பாதிகளாகப் பிரிக்கும் சமச்சீர் அச்சு அமைவதும், அங்கேயே சார்பு தன் மிகக் குறைந்த மதிப்பான −1ஐ அடைந்து, அதுவரை இறங்கிவந்த வளைவரை ஏறத் தொடங்குவதும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் செய்திகள். சூத்திரத்தை மனப்பாடம் செய்த மாணவரோ இவற்றைத் தனித்தனி விடைகளாகவே பார்க்கிறார்.

இதைவிட என்னை வருத்துவது, ஓர் எண்ணுக்கு அதன் தலைகீழியை (1ஐ அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதை) தரும் சார்பின் வரைபடம். −1க்கு −1, 1க்கு 1 என்று குறித்த இரு புள்ளிகளையும் அளவுகோல் வைத்து இணைத்துவிடுகிறார்கள். அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியே செல்கிறது. பூச்சியத்திலோ அச்சார்புக்கு மதிப்பே கிடையாது. சார்பகம் எது, அதாவது எந்தெந்த எண்களுக்குச் சார்பு மதிப்பு தரும் என்று முதலில் கேட்கும் பழக்கம் இருந்தால் இப்பிழை நேராது.

ஆகவே, வளைவரை எங்கே வெட்டும், எங்கே திரும்பும், எங்கே அறுபடும் என்று வரைவதற்கு முன்பே மாணவரை வாய்விட்டுச் சொல்லவைக்க வகுப்பில் நேரம் ஒதுக்குமாறும், வரைபடத்தைக் கொடுத்து விளக்கம் கேட்கும் வினாக்களைத் தேர்வில் சேர்க்குமாறும் பாடத்திட்டக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்