பருத்தி விதை தொடர்பாகப் பெரம்பலூர் மாவட்ட ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்
மானாவாரிப் பருத்தி விவசாயிகள்,
வேப்பந்தட்டை வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், பெரம்பலூர்.

பொருள்: ஆவணி விதைப்புக்கு முன் பி.டி. (மரபணு மாற்றிய ரகம்) அல்லாத பருத்தி விதை கிடைக்கச் செய்தல், ரசீதில்லாமல் விற்கும் விதையைத் தடுத்தல், காய்ப்புழுவுக்குப் பொறி வழங்குதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்த மனுவோடு ஒரு துணிப்பையில் 20 பருத்திக் காய்கள் வைத்திருக்கிறோம். வெளியே பார்த்தால் நல்ல காய்தான். புழு நுழைந்த ஓட்டைகூட மூடிப்போயிருக்கும். ஒன்றைப் பிளந்து பாருங்கள். பஞ்சு மஞ்சளாகக் கறைபட்டு, இரண்டு விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவில் ரோஜா நிறத்தில் ஒரு புழு சுருண்டிருக்கும். இத்தனைக்கும் இது காய்ப்புழு வராது என்று சொல்லி வாங்கிய பி.டி. பருத்தி. இந்தப் பஞ்சை ஏலத்துக்குக் கொண்டுபோனால் கொட்டுப் பருத்தி என்று ஒதுக்கி, பாதி விலைகூடப் பேச மாட்டார்கள்.

மரபணு மாற்றுப் பயிரே கூடாது என்று கொடி பிடிக்க நாங்கள் வரவில்லை. 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைப்பதற்கு முன்னால் பச்சைக் காய்ப்புழுவோடு பட்ட பாடு எங்களில் மூத்தவர்களுக்கு மறக்கவில்லை. வாராவாரம் மருந்து, அதற்கும் அடங்காமல், விடியற்காலையில் செடியை உலுக்கிப் புழுவைப் பொறுக்கியவர்களும் உண்டு. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்திக்குள் சேர்த்து, செடியைக் கடித்த புழு தானாகவே சாகும்படி செய்த இந்த பி.டி. விதை வந்ததும் அந்த அலைச்சல் குறைந்தது. அதை இல்லையென்று சொன்னால் எங்கள் வாய் அழுகிவிடும்.

ஆனால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்குப் பழகிவிட்டது. 2006இல் இரண்டு மரபணு வைத்த விதை வந்தது. சில வருடங்களில் அதையும் தாண்டிவிட்டது. சாறு உறிஞ்சும் அசுவினிக்கும் தத்துப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் பி.டி. எந்தக் காலத்திலும் மருந்தில்லை. ஆகவே தெளிப்பான் மறுபடியும் முதுகில் ஏறிவிட்டது. 2017இல் நம் மாவட்டத்திலேயே பருத்திக்கு மருந்தடிக்கப் போனவர்கள் உயிரிழந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதே பருவத்தில் மகாராஷ்டிரத்தின் யவத்மாலிலும் அப்படித்தான்.

எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. முன்பு 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் பி.டி. அல்லாத விதையைத் தனியாக வைத்துக் கொடுத்தார்கள். இலவசமாக வருவது என்ன முளைத்துவிடப் போகிறது என்று பலர் அதை வரப்பில் வீசிவிட்டோம். அதை ஓரத்தில் விதைத்தால், நஞ்சுக்குப் பழகாத புழுக்கள் அங்கே வளர்ந்து பழகிய புழுக்களோடு சேரும், புழுவின் எதிர்ப்பு சீக்கிரம் பரவாது என்ற கணக்கு பத்து வருடம் கழித்துத்தான் காதில் விழுந்தது. தாளில் அச்சிட்டிருந்தார்களாம், எறும்பு ஊர்ந்தாற்போல இருந்த எழுத்தை யார் படித்தது? இப்போது பாக்கெட்டுக்குள்ளேயே கலந்துவிடுகிறார்கள், சரி. அப்புறம் பருத்திமாரை, அதாவது பறித்து முடிந்த காய்ந்த செடியை, அடுப்புக்கென்று வீட்டோரம் அடுக்கிவைப்பதும் நாங்கள்தான். அதில் ஒட்டியிருக்கும் காய்ந்த காய்க்குள் புழு அடுத்த பருவம்வரை தூங்கிக் கிடக்கிறது.

எங்கள் முதல் கோரிக்கை விதை. அப்பா காலத்தில் பருத்தி விதையைச் சாணியில் பிசறிக் காயவைத்து விதைத்தோம். விதை வீட்டிலேயே இருந்தது. இன்று கடையில் இருப்பது பி.டி. வீரிய ஒட்டு மட்டுமே. அதன் விதையை எடுத்துவைத்து மறுபடி விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது என்பதால் வருடாவருடம் வாங்கியாக வேண்டும். 2024இல் 475 கிராம் பாக்கெட்டுக்கு அரசு வைத்த உச்ச விலை 864 ரூபாய். ஏக்கருக்கு இரண்டு பாக்கெட். மழை ஏமாற்றினால் மறு விதைப்புக்கு இன்னும் இரண்டு. பி.டி. இல்லாத விதை கேட்டால், "அதை இப்ப யாருண்ணே வாங்குறா?" என்று கடைக்காரர் சிரிக்கிறார். கோவில்பட்டியின் கே.சி. 3, செடி படராமல் நெருக்கி விதைக்கத் தோதான கோ 17 என்று வேளாண் பல்கலைக்கழக ரகங்கள் இருக்கின்றன. வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையம் நம் வட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் கரிசலுக்கு எது ஒத்துவரும் என்று அவர்கள் மூலம் நாலைந்து வயல்களில் விதைத்துக் காட்டவும், விதையை வேளாண் விரிவாக்க மையத்தில் இருப்பு வைக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். அதில் பச்சைக் காய்ப்புழு வரும், தெரியும். வேண்டியவர் அதை விதைக்கட்டும், மற்றவர் பி.டி. விதைக்கட்டும்.

இரண்டாவது, போன பருவத்தில் பெயர் அச்சிடாத பையில், ரசீது இல்லாமல், களைக்கொல்லி அடித்தாலும் கருகாத பருத்தி என்று ஒருவர் ஊருக்குள் விதை விற்றுப் போனார். களையெடுக்கும் கூலியை நினைத்துச் சிலர் வாங்கியும் விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அத்தகைய பருத்திக்கு நாட்டில் அனுமதியே இல்லை. முளைக்காவிட்டால் யாரிடம் போய் நிற்பது? ஆடி பிறக்கும் முன்பே விதை ஆய்வாளர்கள் கிராமங்களுக்கு வர வேண்டும். வாங்கியவரை விட்டுவிட்டு, விற்பவரைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, பெண் பூச்சியின் வாசனை காட்டி ஆண் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி, ஏக்கருக்கு இரண்டு வீதம் மானியத்தில் வேண்டும். தொடர்ந்து மூன்று இரவு பொறிக்கு எட்டு அந்துப்பூச்சி விழுந்தால்தான் மருந்து என்கிறார்கள். பொறியே இல்லாதவன் எதை எண்ணுவான்?

பி.டி. கத்தரிக்காய் விஷயத்தில் ஏழு நகரங்களில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்ட பிறகுதான் 2010இல் மத்திய அரசு அதற்கான அனுமதியை நிறுத்திவைத்தது. பருத்தி போடுகிற எங்களை அப்படி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. வைகாசியில் ஒரு நாள், ஆராய்ச்சி நிலைய அறிஞர்களையும் வேளாண் அலுவலர்களையும் அழைத்துத் தங்கள் தலைமையில் வேப்பந்தட்டையில் ஒரு கூட்டம் நடத்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வேலை நாளாக இருந்தாலும் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேப்பந்தட்டை வட்டப் பருத்தி விவசாயிகள்

இணைப்பு: புழு விழுந்த காய்கள் 20 (பையைத் திறந்துவைக்க வேண்டாம், அந்துப்பூச்சி வெளியேறிவிடும்)